ஸ்பிரிங் பூட் பயன்பாட்டில் பழுது: அறிகுறியிலிருந்து காரணம் வரை

ஒரு மொத்த விற்பனை நிறுவனத்துக்கான பயன்பாட்டை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர்களின் ஆர்டரைப் பெற வேண்டும், கிடங்கு இருப்பைக் குறைக்க வேண்டும், பில் போட வேண்டும், மாதக் கடைசியில் கணக்குப் பிரிவுக்கு அறிக்கை தர வேண்டும். இந்த வகைப் பயன்பாடுகளை ஜாவாவில் எழுதுவோரில் பலர் ஸ்பிரிங் பூட் என்ற கட்டமைப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். கீழே சொல்லப்படுபவை ஸ்பிரிங் பூட் 3, ஜாவா 17, ஹைபர்னேட் (ஜாவாப் பொருள்களைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் நூலகம்), உள்ளமைந்த டாம்கேட் (வலைச் சர்வர்) ஆகியவற்றைக் கொண்டு எழுதிய பயன்பாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

தேடத் தொடங்குமுன் ஒன்றை நினைவில் நிறுத்த வேண்டும். நாம் எழுதும் சர்வீஸ் கிளாஸை நாம் உருவாக்குவதில்லை, ஸ்பிரிங் உருவாக்குகிறது. தேவைப்பட்டால் அதன்மேல் ப்ராக்ஸி என்ற ஓர் உறையையும் போர்த்துகிறது. டிரான்சாக்ஷன் (பல தரவுத்தள வேலைகளை ஒன்றாகச் சேர்த்து முடிப்பது), கேச், பின்னணிப் பணி, மெத்தட் அளவிலான அனுமதிச் சோதனை ஆகிய எல்லாமே அந்த உறையில்தான் நடக்கின்றன. ஆகையால், அனோட்டேஷன் (கிளாஸ் அல்லது மெத்தடின் மேல் ‘@’ குறியோடு எழுதும் குறிப்பு) சரியாக இருந்தும் அது சொல்லும் வேலை நடக்கவில்லை என்றால், அந்த அழைப்பு உறை வழியாக வந்ததா, உறையைச் சுற்றிக்கொண்டு வந்ததா என்று முதலில் பாருங்கள். எனக்கு வந்து சேர்ந்த பழுதுகளில் கணிசமானவை இந்த ஒரு கேள்வியிலேயே அவிழ்ந்திருக்கின்றன.

பயன்பாடு தொடங்காமலே நின்றுவிடுகிறது

லாகில் இருநூறு வரிகளுக்குப் பிழைச்செய்தி கொட்டும். முதல் வரியைப் படித்துவிட்டு அதையே இணையத்தில் தேடுவது வீண். முதல் வரி, எந்தப் பீனை (ஸ்பிரிங் உருவாக்கி நிர்வகிக்கும் பொருளை) உருவாக்கும்போது தடங்கல் வந்தது என்பதை மட்டுமே சொல்லும். ‘காஸ்டு பை’ என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக உள்ளதைத் தேடிப் பிடியுங்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 8080 போர்ட்டை வேறொரு நிரல் பிடித்திருப்பது போன்ற வழக்கமான தடங்கல்களுக்கு ஸ்பிரிங் பூட்டே காரணத்தையும் செய்ய வேண்டியதையும் தனிப் பத்தியாக அச்சிட்டுவிடுகிறது.

தேவையான பீன் கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால், அந்தக் கிளாஸ் எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று பாருங்கள். மெயின் கிளாஸ் இருக்கும் பேக்கேஜிலும் அதன் உட்பேக்கேஜ்களிலும் மட்டுமே ஸ்பிரிங் பூட் தானாகத் தேடும். மெயின் கிளாஸ் ‘காம்.கடை.ஆப்’ என்பதிலும் சர்வீஸ் ‘காம்.கடை.பில்’ என்பதிலும் இருந்தால், இரண்டும் பக்கத்து வீடுகள். ஒன்றுக்குள் ஒன்று இல்லை. மெயின் கிளாஸை ஒரு படி மேலே ‘காம்.கடை’ பேக்கேஜுக்கு நகர்த்துவதே நேரான தீர்வு.

2.6 பதிப்பிலிருந்து, இரண்டு பீன்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதை ஸ்பிரிங் பூட் இயல்பாக ஏற்பதில்லை. அதை மீண்டும் அனுமதிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. ஆனால் அதைத் திறந்துவிடுவதைவிட, இரண்டுக்கும் பொதுவான வேலையை மூன்றாவது கிளாஸாகப் பிரிப்பது நல்லது.

2.7-இலிருந்து 3-க்கு மாறியவர்களுக்கு வரும் தடங்கல் வேறு. 2022 நவம்பரில் வெளிவந்த 3.0 பதிப்பில் ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கிய பல பேக்கேஜ்கள் ‘ஜகார்த்தா’ என்று மாறின. அவசரத்தில் எல்லா ‘ஜாவாஎக்ஸ்’ வரிகளையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டால் மேலும் சிக்கல், ‘ஜாவாஎக்ஸ்.எஸ்கியூஎல்’, ‘ஜாவாஎக்ஸ்.கிரிப்டோ’ போன்றவை ஜாவாவின் சொந்தப் பேக்கேஜ்கள், அவை மாறவில்லை. என்டிட்டி (தரவுத்தள அட்டவணையைக் குறிக்கும்) கிளாஸ்கள் ஒரு பழைய பொது ஜாரில் (ஜாவா நூலகக் கோப்பில்) இருந்து, அந்த ஜார் இன்னும் பழைய பெயரையே பயன்படுத்தினால், நிரல் கம்பைல் ஆகும். தொடங்கும்போதுதான் ‘இது நிர்வகிக்கப்படும் வகை அல்ல’ என்ற பொருள்படும் செய்தியோடு விழும்.

முகவரி சரி, ஆனால் 404

முதலில், அந்த 404-ஐ அனுப்பியது யார் என்று கண்டறியுங்கள். பதிலில் நேரம், நிலை எண், பிழை, பாதை ஆகியவை கொண்ட ஜேசன் இருந்தாலோ, ‘ஒயிட்லேபிள்’ பிழைப்பக்கம் வந்தாலோ, கோரிக்கை ஸ்பிரிங் வரை வந்துவிட்டது. முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரின் பெயரோடு பக்கம் வந்தால், பெரும்பாலும் வாசலிலேயே திரும்பிவிட்டது. கண்ட்ரோலரை (கோரிக்கையைப் பெறும் நம் கிளாஸை) நோண்டிப் பயனில்லை.

ஸ்பிரிங் வரை வந்தும் 404 என்றால் மேலே சொன்ன பேக்கேஜ் காரணத்தைப் பாருங்கள். கண்ட்ரோலர் கண்ணில் படாமல் போனால் பயன்பாடு எந்தப் புகாரும் இன்றித் தொடங்கிவிடும். அடுத்து முகவரியின் கடைசிச் சாய்கோடு: ஸ்பிரிங் 6-க்கு முன் ‘/பில்கள்’ என்பதும் ‘/பில்கள்/’ என்பதும் ஒன்றாகக் கருதப்பட்டன, இப்போது அப்படியில்லை. பழைய மொபைல் செயலி சாய்கோட்டோடு அழைத்துக்கொண்டிருந்தால், சர்வரை மேம்படுத்திய அன்றே அது நின்றுவிடும்.

விசித்திரமான ஒரு வகையும் உண்டு. மெத்தட் ஓடியதற்கு லாகில் சான்று இருக்கும், தரவுத்தளத்தில் வரிசை கூடப் பதிவாகியிருக்கும், அழைத்தவருக்கு மட்டும் 404 போயிருக்கும். ‘ரெஸ்ட் கண்ட்ரோலர்’ என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் ‘கண்ட்ரோலர்’ என்று எழுதியிருப்பார்கள். மெத்தட் திருப்பித் தந்த மதிப்பைப் பதிலாக அனுப்பாமல், பக்கத்தின் பெயர் என்று எடுத்துக்கொண்டு ஸ்பிரிங் அதைத் தேடப் போயிருக்கும்.

அனுமதி கொடுத்தும் 403

கெட் (படிக்கும் கோரிக்கை) வேலை செய்கிறது, போஸ்ட் (பதியும் கோரிக்கை) மட்டும் 403 என்றால் அது பெரும்பாலும் சிஎஸ்ஆர்எஃப் காவல், அதாவது வேறு தளம் பயனரின் பெயரில் கள்ளக் கோரிக்கை அனுப்புவதைத் தடுப்பது. உலாவியின் குக்கீயைக் கொண்டு உள்நுழையும் பயன்பாட்டில் அதை அணைக்கக் கூடாது, டோக்கனைச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கோரிக்கையோடும் தலைப்பில் டோக்கன் வரும் இணையச் சேவையில் அணைக்கலாம்.

இதைவிட நேரத்தைத் தின்னும் பழுது ஒன்று இருக்கிறது. அந்த முகவரியை எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறீர்கள், ஆனாலும் 403 வருகிறது. பாதுகாப்பு அமைப்பை வரி வரியாகப் பார்த்தும் தவறு தெரியவில்லை. உண்மையில் நடப்பது இதுதான்: கோரிக்கை காவலைத் தாண்டி உள்ளே போய்விட்டது, உள்ளே வேறு பிழை நேர்ந்தது, அந்தப் பிழையைக் காட்டுவதற்காகக் கோரிக்கை உட்புறமாக ‘/எர்ரர்’ என்ற பாதைக்குத் திருப்பப்பட்டது, அந்தப் பாதைக்கு அனுமதி இல்லாததால் காவல் அங்கே தடுத்தது. 500 ஆகவோ 404 ஆகவோ தெரிந்திருக்க வேண்டியது 403 என்ற முகமூடியோடு வெளியே வருகிறது. ‘/எர்ரர்’ பாதையைத் திறந்துவிட்டு மீண்டும் அழைத்துப் பாருங்கள். உண்மையான நிலை எண் தெரிந்துவிடும். ஸ்பிரிங் செக்யூரிட்டியின் லாக் அளவை ‘ட்ரேஸ்’ ஆக்கினால் இந்த இரண்டாம் பயணம் கண்ணெதிரே தெரியும்.

ஆர்டர் பதிவாகிறது, இருப்பு குறையவில்லை

வணிகப் பயன்பாட்டில் இதைவிட மோசமான பழுது இல்லை. எந்தப் பிழையும் திரையில் தெரியாமல் கணக்கு மட்டும் மெல்லப் பிசகும். இரண்டு வேலைகளும் ஒரே டிரான்சாக்ஷனில் நடந்து, ஒன்று தவறினால் இரண்டும் ரோல்பேக் ஆக (நடக்காதது போல் திரும்ப) வேண்டும். அனோட்டேஷனும் போட்டிருக்கிறோம். பிறகு ஏன் பாதி மட்டும் நின்றது?

நான் முதலில் பார்ப்பது உள் அழைப்பை. சர்வீஸ் கிளாஸில் ‘ஆர்டர்களைப் பதிவு செய்’ என்ற மெத்தட் ஒரு பட்டியலை வாங்கி, ஒவ்வோர் ஆர்டருக்கும் அதே கிளாஸில் உள்ள ‘ஓர் ஆர்டரைப் பதிவு செய்’ என்ற மெத்தடை அழைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரான்சாக்ஷன் அனோட்டேஷன் இரண்டாவதன்மேல் மட்டும் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு உறை வழியாக முதல் மெத்தடுக்குள் நுழைகிறது. அங்கிருந்து இரண்டாவதுக்குப் போவது ஒரே கிளாஸுக்குள் நடக்கும் நேரடி அழைப்பு, உறை அதை அறியாது, டிரான்சாக்ஷன் தொடங்கவே இல்லை. ரெப்போசிட்டரியின் (தரவுத்தளத்தில் படித்து எழுதும் இடைமுகத்தின்) ஒவ்வொரு சேமிப்பும் தன்னளவில் தனியாகக் கமிட் ஆகிவிடுகிறது (நிலையாகப் பதிந்துவிடுகிறது). இரண்டாவது மெத்தடைத் தனிக் கிளாஸுக்கு மாற்றி, அதை ஸ்பிரிங்கிடமிருந்து இன்ஜெக்ஷன் வழியாகப் பெற்று அழைப்பதே தெளிவான தீர்வு. மெத்தட் ‘பிரைவேட்’ ஆக இருந்தாலும், பொருளை ஸ்பிரிங்கிடம் கேட்காமல் ‘நியூ’ போட்டு உருவாக்கியிருந்தாலும் விளைவு இதுவே.

‘ஃபைனல்’ மெத்தடின் கதை சற்று வேறு. உறையால் அதை மாற்றி எழுத முடியாததால் அந்த மெத்தட் உறைப் பொருளின் மேலேயே ஓடுகிறது. உறைக்குள் இன்ஜெக்ஷன் வழியாக வந்த எதுவும் இல்லை. ரெப்போசிட்டரி ‘நல்’ ஆக இருக்கிறது என்ற நம்பமுடியாத பிழை அப்போதுதான் வரும்.

அடுத்து எக்செப்ஷனின் (நிரல் எறியும் பிழையின்) வகை. ஸ்பிரிங் இயல்பாக ரன்டைம் எக்செப்ஷனுக்கும் எர்ரருக்கும் மட்டுமே ரோல்பேக் செய்யும். ‘இருப்பு போதவில்லை’ என்பதற்கு நீங்கள் எழுதிய எக்செப்ஷன், ரன்டைம் வகையாக இல்லாமல் வெறும் ‘எக்செப்ஷன்’ கிளாஸிலிருந்து வந்திருந்தால், அது எறியப்பட்ட பிறகும் அதுவரை நடந்தவை கமிட் ஆகிவிடும். புதிதாக வருபவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. வணிகப் பிழைகளுக்கான எக்செப்ஷன்களை ரன்டைம் வகையாகவே எழுதுவது என்று குழுவில் ஒரே முடிவாக வைத்துக்கொண்டால் ஒவ்வோர் அனோட்டேஷனிலும் ரோல்பேக் விதி எழுத வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு: பிழையைப் பிடித்து விழுங்கிவிட்டோம், ஆனாலும் முடிவில் ‘எதிர்பாராத ரோல்பேக்’ என்று விழுகிறது. உள்ளே அழைத்த இன்னொரு சர்வீஸ் அதே டிரான்சாக்ஷனில் சேர்ந்து ஓடியது; அதிலிருந்து எக்செப்ஷன் வெளியே வந்தபோதே அதன் உறை, டிரான்சாக்ஷனை ரோல்பேக்குக்கு உரியது என்று குறித்துவிட்டது. வெளியே நீங்கள் பிடித்தாலும் குறித்தது குறித்ததுதான்.

எது என்று உறுதி செய்ய, ‘ஓஆர்ஜி.ஸ்பிரிங்ஃபிரேம்வொர்க்.டிரான்சாக்ஷன்.இன்டர்செப்டர்’ என்பதற்கான லாக் அளவை ‘ட்ரேஸ்’ ஆக்குங்கள். எந்த மெத்தடுக்கு டிரான்சாக்ஷன் பெறப்பட்டது, எப்போது முடிந்தது என்று ஒவ்வொன்றும் பதிவாகும். எதிர்பார்த்த மெத்தடின் பெயர் அங்கே இல்லையென்றால் அழைப்பு உறை வழியாக வரவில்லை. பெயர் இருந்தும், ரோல்பேக் ஆனதாக லாக் சொல்லியும், வரிசை தரவுத்தளத்தில் அப்படியே நின்றால், மைஎஸ்கியூஎல்லில் அந்த அட்டவணை மைஐசாம் வகையா என்று பாருங்கள். 5.5 பதிப்பிலிருந்து இயல்பு வகை இன்னோடிபி. அதற்கு முந்தைய காலத்திலிருந்து தூக்கிவரப்பட்ட அட்டவணைகள் டிரான்சாக்ஷன் அறியாதவையாக இன்னும் சில இடங்களில் கிடக்கின்றன.

காலையில் வேகம், பதினொரு மணிக்குத் திணறல்

ஆள் குறைவாக இருக்கும்போது எல்லாம் நன்றாக ஓடுகிறது. கூட்டம் சேர்ந்ததும் ஒவ்வொரு கோரிக்கையும் சரியாக 30 வினாடி காத்திருந்து விழுகிறது. அந்த 30 வினாடியே துப்பு. ஸ்பிரிங் பூட் 2 முதல் இயல்பாக உள்ள ஹிகாரி கனெக்ஷன் பூல் (தரவுத்தளத் தொடர்புகளைத் திறந்து வைத்துப் பகிர்வது) அதிகபட்சம் 10 கனெக்ஷன் வைத்துக்கொள்கிறது, ஒன்று கிடைக்க 30 வினாடி வரை காத்திருக்கிறது. டாம்கேட்டோ 200 திரெட் (ஒவ்வொன்றும் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும்) வரை உள்ளே விடும். இருநூறு பேர் பத்துக் கதவுகளின் முன் நிற்கிறார்கள்.

பலர் உடனே பத்தை நூறாக்குகிறார்கள். வேண்டாம். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் இயல்பு வரம்பே மொத்தம் 100 கனெக்ஷன்தான். பயன்பாட்டின் நான்கு பிரதிகள் ஆளுக்கு 30 கேட்டால் 120 ஆகி, இப்போது தரவுத்தளமே மறுக்கத் தொடங்கும். ஒரு கோரிக்கை கனெக்ஷனை எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். 20 மில்லி வினாடி பிடித்தால் பத்துக் கனெக்ஷன் வினாடிக்கு 500 கோரிக்கைகளைத் தாங்கும்; 2 வினாடி பிடித்தால் வினாடிக்கு 5.

2 வினாடி எங்கே போகிறது? டிரான்சாக்ஷனுக்குள்ளிருந்து மின்னஞ்சல் அனுப்புவது, குறுஞ்செய்திச் சேவையை அழைப்பது, பிடிஎஃப் உருவாக்குவது ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். எனக்கு நேர்ந்த ஒன்றில், பில் சேமிக்கும் டிரான்சாக்ஷனுக்குள்ளேயே வெளிச் சேவை ஒன்றை அழைத்துக்கொண்டிருந்தோம். வெளிச் சேவைகளை அழைக்கும் ஸ்பிரிங்கின் ரெஸ்ட்டெம்ப்ளேட்டுக்கு நாம் டைம்அவுட் (காத்திருப்பு வரம்பு) வைக்காதவரை, அது பதிலுக்குக் காத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சேவை ஒரு நாள் மெதுவானபோது எங்கள் பயன்பாடு முழுவதும் நின்றது. பில்லுக்குத் தொடர்பே இல்லாத கடைப் பட்டியல் கூடத் திறக்கவில்லை. வெளி அழைப்பைக் கமிட்டுக்குப் பின் நகர்த்தி, எல்லா அழைப்புகளுக்கும் டைம்அவுட் வைத்ததும் அதே பத்துக் கனெக்ஷன் போதுமானதாக இருந்தது.

‘ஓபன்-இன்-வியூ’ அமைப்பையும் பாருங்கள். இயல்பில் திறந்தே இருக்கும். பயன்பாடு தொடங்கும்போது அதைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் லாகில் வரும், யாரும் படிப்பதில்லை. அது திறந்திருந்தால் ஹைபர்னேட் செஷன் கோரிக்கை முடியும்வரை மூடப்படாது, வாங்கிய கனெக்ஷனும் அதுவரை திரும்பாமல் இருக்கக்கூடும்.

மற்றொரு காரணம் அரிதானது, ஆனால் குரூரமானது. வெளி டிரான்சாக்ஷன் ஒரு கனெக்ஷனைப் பிடித்திருக்கும்போதே, தணிக்கைப் பதிவை எழுத ‘ரிக்வயர்ஸ் நியூ’ (தனிப் புது டிரான்சாக்ஷன் வேண்டும்) என்று குறித்த மெத்தட் இரண்டாவது கனெக்ஷனைக் கேட்கிறது. ஒரே நேரத்தில் பத்துத் திரெட்கள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருந்தால், விட்டுக்கொடுக்க யாருமில்லை. முடக்கம் நடக்கும் நேரத்தில் ஜாவாவின் ‘ஜேஸ்டாக்’ கருவியைக் கொண்டு திரெட் நிலவரத்தை எடுத்தால், எல்லாத் திரெட்களும் ஒரே வரியில் நிற்பது தெரியும். எங்கே கனெக்ஷன் நீண்ட நேரம் பிடிக்கப்படுகிறது என்று தெரியாவிட்டால், ஹிகாரியின் கசிவு கண்டறியும் வரம்பை 5,000 மில்லி வினாடி என்று வைத்து ஒரு நாள் ஓடவிடுங்கள். வரம்பைத் தாண்டிய இடத்தை அது ஸ்டாக் ட்ரேஸோடு காட்டும்.

அறிக்கை திறக்க ஒரு நிமிடம்

500 பில்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் கடையின் பெயரைக் காட்டினால், பில்களுக்கு ஒரு வினவல், வெவ்வேறு கடைகளுக்காக மேலும் 500 வரை வினவல்கள். எஸ்கியூஎல் லாகைத் திறந்தால் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப ஓடுவது தெரியும். தேவையான உறவை ‘ஜாயின் ஃபெட்ச்’ கொண்டு ஒரே வினவலில் எடுங்கள். அறிக்கைக்கு முழு என்டிட்டி தேவையே இல்லை. வேண்டிய நான்கு நெடுவரிசைகளை மட்டும் எடுப்பது இன்னும் நல்லது. உறவை ‘ஈகர்’ (எப்போதும் உடனே ஏற்றுவது) ஆக்குவது தீர்வாகாது. ஜேபிகியூஎல் (ஹைபர்னேட்டுக்கு எழுதும் வினவல் மொழி) வினவலில் அதே கூடுதல் வினவல்கள் அப்படியே ஓடும், தேவையில்லாத இடங்களிலும் ஓடும்.

இரவுப் பணி இரண்டு முறை ஓடுகிறது, அல்லது ஓடவே இல்லை

பயன்பாட்டின் இரண்டு பிரதிகள் இருந்தால் ‘ஷெட்யூல்டு’ (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) பணி இரண்டிலும் ஓடும். ஸ்பிரிங் இதைத் தடுக்காது. தரவுத்தளத்தில் ஒரு பூட்டு வைத்து, அதைப் பிடித்த பிரதி மட்டும் ஓட வேண்டும். ஷெட்லாக் என்ற நூலகம் இதைத்தான் செய்கிறது. ஓடவே இல்லை என்றால், இயல்பாக எல்லா ‘ஷெட்யூல்டு’ பணிகளுக்கும் ஒரே ஒரு திரெட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். டைம்அவுட் இல்லாத ஒரு பணி அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கும்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகின்றன

இரண்டு அறிகுறிகளைப் பிரித்தறிய வேண்டும். கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டிருந்தால், தமிழைத் தாங்காத எழுத்துக்குறியீட்டுக்கு எங்கோ மாற்றப்பட்டு எழுத்துகள் அழிந்துவிட்டன. மீட்க வழியில்லை, மூலத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் அந்த நெடுவரிசை லத்தீன்1 ஆக இருப்பது வழக்கமான காரணம். ஒரு தமிழ் எழுத்து இருந்த இடத்தில் ‘à’ என்று தொடங்கும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளோ குறிகளோ தெரிந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, படிப்பவர்தான் தவறாகப் படிக்கிறார். இதைப் பெரும்பாலும் மீட்கலாம்.

‘அப்ளிகேஷன்.ப்ராப்பர்ட்டீஸ்’ கோப்பில் நேரடியாகத் தமிழில் எழுதியவை இப்படிக் குலைவதுண்டு. ஸ்பிரிங் பூட் 3 அந்தக் கோப்பை ஐஎஸ்ஓ-8859-1 என்றே படிக்கிறது. அதே மதிப்பை யாமல் (‘.yml’) கோப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

ஆரக்கிளில் இன்னொரு தொல்லை. 50 என்று வரையறுத்த நெடுவரிசை இயல்பில் 50 பைட்டுகளைக் குறிக்கும். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் 5 குறிகள், தரவுத்தளத்தில் 15 பைட்டுகள். ஆங்கிலப் பெயர்களோடு சோதித்து முடித்த படிவம், சற்று நீளமான முதல் தமிழ்ப் பெயரிலேயே நீளம் மிகுந்ததாகச் சொல்லி விழும். நீளத்தை எழுத்தளவில் வரையறுங்கள்.

பில்லின் தேதி ஒரு நாள் பின்தங்கி நிற்கிறது

மேகச் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அதனால் இங்கே நள்ளிரவு முதல் காலை 5.30 வரை, சர்வருக்கு இன்னும் நேற்றைய தேதி. பகலில் மட்டும் சோதித்தவர்கள் இதைக் காணமாட்டார்கள். காய்கறிச் சந்தைக்கு எழுதிய பயன்பாட்டில் ஏப்ரல் 1 காலை 5 மணிக்குப் போட்ட பில், சர்வரின் கணக்கில் மார்ச் 31 இரவு 11.30, அது முந்தைய நிதியாண்டில் போய் விழும், பில் எண் வரிசையும் அதோடு குலையும்.

‘லோக்கல்டேட்.நவ்’ என்று வெறுமனே எழுதிய இடங்களையெல்லாம் தேடி, ‘ஏசியா/கொல்கத்தா’ என்ற நேர மண்டலத்தை வெளிப்படையாகக் கொடுங்கள். பில் தேதி வணிகரின் நாட்காட்டித் தேதி, அதை ‘லோக்கல்டேட்’ ஆக வையுங்கள். பதிவான கணம் வேறு, அதை ‘இன்ஸ்டன்ட்’ ஆகத் தனி நெடுவரிசையில் வையுங்கள். பழைய வரிசைகளைத் திருத்தும்போது ஒட்டுமொத்தமாக ஐந்தரை மணி கூட்டிவிடாதீர்கள்: நிரலாளரின் சொந்தக் கணினியிலிருந்து இந்திய நேரத்தில் ஏற்றப்பட்ட வரிசைகளும் அதே அட்டவணையில் கலந்திருக்கலாம், அவை இப்போது சரியாக இருக்கின்றன. பதிவான கணம் யூடிசி என்று உறுதியான வரிசைகளில், 18.30-க்கும் 24.00-க்கும் இடையே உள்ளவற்றை மட்டும் தனியே எடுத்து, கணக்குப் பிரிவின் அச்சிட்ட பில்களோடு ஒப்பிட்ட பிறகே தேதியை மாற்றுங்கள்.